குரல் வராவிட்டால் கிரேன் நிற்கும்

பிள்ளைகளே, எனக்குத் திக்குவாய். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நீங்கள் எனக்குத் தோத்திரம் சொல்வீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பேன். நீங்கள் சைக்கிளை எடுத்துக் கல்மண்டபம் முனை திரும்பிய பிறகுதான் என் தோத்திரம் முடியும்.

போன வருடம் தவக்காலத்தில் ஆண்டவர் எனக்குச் செய்த ஓர் உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் நாக்கைச் சரியாக்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நான் கேட்டது கிடைத்தது. எப்படி என்று கேளுங்கள்.

எண்ணூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் எனக்கு வேலை. கிரேனுக்கு சிக்னல் கொடுக்கும் ஆள் நான். கிரேன் ஓட்டுகிறவர் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். சரக்கு எங்கே இறங்குகிறது, கீழே யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. நான் கீழே நின்று கையால் சொல்வேன். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைத் தரைப் பக்கம் வைத்தால் எல்லாம் நில். அந்த சிக்னலைப் பார்த்துவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. கிரேன் நிற்கும், ஆட்களும் நிற்பார்கள். கொடுத்தவன் கையை இறக்கி அடுத்த சிக்னல் கொடுக்கும்வரை ஒருவரும் அசைய மாட்டார்கள்.

பதினைந்து வருடம் இந்த வேலையைப் பேசாமலே பார்த்தேன். வெளியில் ஒரு கடையில் சோப்பு கேட்கக்கூட விரலைத்தான் நீட்டுவேன். ஆனால் யார்டுக்குள் போய் அந்த ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிவிட்டால் நான் வேறு ஆள். என் மகள் ஜெனி சின்ன வயதில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள், எங்க டாடி வெரல ஆட்னா கிரேனே ஆடும் என்று.

போன வருடம் சாம்பல் புதன் கழிந்த திங்கட்கிழமை யார்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் கை சிக்னல் மட்டும் போதாது. சிக்னல் கொடுக்கிறவர், கிரேன் ஓட்டுகிறவர், கயிறு மாட்டுகிறவர் எல்லாரும் வாக்கி டாக்கியில் பேச வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் முறை வைத்து எல்லார் முன்னாலும் ஐந்து நிமிடம் பாதுகாப்பு பற்றிப் பேசவும் வேண்டும். அதற்கு ஒரு வகுப்பு நடக்கும். கடைசியில் ஆளுக்கு ஒரு பேச்சு. கேட்கிறவர்கள் மனது மாறுகிற மாதிரிப் பேச வேண்டும். தேறாதவர்களுக்கு வேறு வேலை.

வேறு வேலை என்றால் குப்பை வாருகிற கேங்குதான். அதுவும் வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நோட்டீஸை மூன்று தடவை படித்தேன். திரும்பும் பஸ்ஸில் டோல்கேட் தாண்டியது, நான் இறங்க வேண்டிய இடம் தாண்டியது, ஒன்றும் தெரியவில்லை. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். தூங்குகிறேன் என்று நினைத்தாராம்.

வீட்டில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் என் மனைவி என்பது உங்களுக்குத் தெரியும், உங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற அதே டீச்சர்தான். கேட்டு முடித்ததும் மாதா படத்துக்கு முன்னால் திரியை ஏற்றினாள்.

மறுநாளிலிருந்து ஷிஃப்டுக்குப் போகுமுன் தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபியில் நின்று ஜெபித்தேன். தவக்கால ஒறுத்தலாக டீயை விட்டேன். சிரிக்காதீர்கள், யார்டில் டீ இல்லாமல் இருப்பது லேசு இல்லை. ஆண்டவரே, என் நாக்கை அவிழ்த்துவிடும். தினமும் இது ஒன்றுதான் கேட்டேன். ஜெபத்தில் எனக்குத் திக்காது. மனதுக்குள் கடகடவென்று வரும். வெளியே வரும்போதுதான் தொண்டையில் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும்.

மூன்று வாரம் போயிற்று. நாக்கு அவிழவில்லை. ஒரு நாள் கெபி முன்னால் நின்று கோபமாகவே கேட்டேன். ஊரில் எத்தனை பேர் தேவையில்லாததை எல்லாம் பேசுகிறார்கள், எனக்கு ஐந்து நிமிடம் தரக்கூடாதா என்று. பின்னால் டிரெய்லர் லாரி ஹாரன் அடித்தது, நகர்ந்து கொண்டேன்.

வகுப்பு யார்டில் கேன்டீனுக்குப் பக்கத்து ஷெட்டில் நடந்தது. கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். நாங்கள் பதினோரு பேர். எல்லாரும் கிரேனோடு பழகியவர்கள். முதல் நாளே மேடத்திடம் என் விஷயத்தைச் சொல்ல முயன்றேன். பாதியிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவசரம் இல்லை, கடைசி நாளில் பேசுங்கள் என்றார்கள். கடைசி நாள் என்றதும் தூக்குத் தண்டனையைத் தள்ளிவைத்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குப் பேசத் தெரியாதே தவிர, கேட்கத் தெரியும். பிள்ளைகளே, உங்களில் பலர் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவர்கள். அதனால் அவர்கள் பேசியதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் சதீஷ். டிப்ளமா படித்த ஆபரேட்டர். ஹெல்மெட் பற்றிப் பேசினார். செல்போனில் பார்த்து மனப்பாடம் செய்த பேச்சு. கை எங்கே தூக்கணும், குரல் எங்கே இறக்கணும் எல்லாம் கச்சிதம். பலமாகக் கை தட்டினோம். ஆனால் அன்று மதியமே வெயில் தாங்காமல் நாலு பேர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் சதீஷ்.

இரண்டாம் நாள் கன்னியப்பன். திருவொற்றியூர் குப்பத்துக்காரன். அவன் அப்பா, அண்ணன் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், இவன் ஒருவன் யார்டுக்கு வந்துவிட்டான். சரக்குக்குக் கயிறு மாட்டுகிற வேலை. எனக்குப் பக்கத்தில் நிற்கிறவன், என் தோஸ்து. முன்னால் போய் நின்றான். குனிந்து வலது கால் ஷூவைக் கழற்றி மேடத்தின் மேசை மேல் வைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் பைப் கட்டு விழுந்து நசுங்கிய அதே ஷூ. அதை அவன் தூக்கிப் போடவில்லை, எடுத்து வைத்திருந்தான், அன்றைக்கு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பிறகு காலையும் காட்டினான். இரண்டு விரல் இல்லை.

"ஷூ போட்டதால ரெண்டு வெரலோட போச்சு. செருப்பு போட்டுகினு வந்திருந்தா பாதம் போயிருக்கும். அவ்ளோதான். நான் ஒக்கார்றேன்" என்றான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் முதல் யார்டில் ஒருவரும் செருப்போடு வரவில்லை.

ஆனால் அந்த ஷூவைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்று சொல்கிறேன். அதுவரை ஸ்டெல்லாவிடம்கூட நான் சொல்லாதது அது.

அந்த விபத்து நடந்தபோது சிக்னல் கொடுத்தவன் நான். மாலை நேரம். பைப் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வைத்திருந்த மரக்கட்டையைச் சரிசெய்யக் கன்னியப்பன் குனிந்தான். நான் பார்த்துவிட்டேன். உடனே எல்லாம் நில் சிக்னல் கொடுத்தேன். ஆனால் வெயில் நேராக ஆபரேட்டர் முகத்தில் அடித்தது, என் கை அவருக்குத் தெரியவில்லை. கன்னி என்று கத்த வேண்டும். கத்தினால் அவன் தாவியிருப்பான். கத்தப் போனேன். முதல் எழுத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான், கட்டு இறங்கிவிட்டது.

விசாரணையில், வெயிலில் ஆபரேட்டருக்குக் கண் கூசியது என்று எழுதினார்கள். நீ கத்தினாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான்தான் பேசாத ஆளாயிற்றே. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மஸ்தான் பாய் பேசினார். அன்றைக்கு அந்தக் கிரேனை ஓட்டியவர் அவர்தான். எங்களில் மூத்தவர், வேடிக்கையாகப் பேசுவார். கண் பரிசோதனை பற்றித்தான் பேச்சு. தம் மனைவியைத் தூரத்தில் பார்த்து மேஸ்திரி என்று நினைத்து சலாம் வைத்த கதையைச் சொன்னார். ஷெட்டே சிரித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள் என்றார். டாக்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை என்று சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினார்.

"நல்ல கண்ணா இருந்தா அன்னிக்கு இவன் கை தெரிஞ்சிருக்குமே, நைனா. கன்னி நொண்டி நடக்கறப்பல்லாம் என் கண்ணுதான் எனக்கு ஞாபகம் வருது" என்றார்.

யாரும் கை தட்டவில்லை. அவர் போய் உட்கார்ந்தார்.

பிள்ளைகளே, மனதை மாற்றுகிற பேச்சு என்றால் என்ன என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. பாய் தம் கண்ணைப் பற்றிப் பேசினார். அசைந்தது என் மனது. அவர் சுமந்ததில் பாதி என்னுடையது. இரண்டு வருடமாக அவரைச் சுமக்க விட்டுவிட்டு, நான் ஞாயிறு தவறாமல் பூசையில் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் பேச்சு மறுநாள். ஜெனி எனக்காக ஒன்று எழுதி வைத்திருந்தாள். அன்பார்ந்த அவையோரே என்று ஆரம்பிக்கும். சுத்தமான தமிழ். ஒரு வாரமாகக் கட்டில் மேல் என்னை நிறுத்தி வைத்துப் பழக்கினாள். நான் திக்கும் இடத்திலெல்லாம் அவளே அந்தச் சொல்லை முடித்துவிடுவாள். அன்பால்தான். வீட்டில் எல்லாரும் அப்படித்தான், என் பேச்சில் பாதி அவர்கள் வாயில்தான் முடியும்.

அன்று காலை கெபியில் அந்தக் காகிதம் சட்டைப் பையில் இருந்தது. வழக்கமான ஜெபம் வரவில்லை. நாக்கை அவிழ்த்துவிடும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. நாக்கு நன்றாக இருந்திருந்தாலும் அந்த உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. அதனால் இப்படிக் கேட்டேன். ஆண்டவரே, திக்கினாலும் பரவாயில்லை. வேலை போனாலும் பரவாயில்லை. பாயிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை என்னோடு நில்லும்.

ஷெட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். காகிதத்தை எடுக்கவில்லை. பாய் என்று ஆரம்பிக்க வேண்டும். பா என்பதிலேயே உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு இழுத்தது. முன் பெஞ்சில் சதீஷ் நான் சொல்லப்போவதை ஊகித்து, பாதுகாப்பா என்று எடுத்துக்கொடுத்தார். இன்னொருவர் பார்வையா என்றார். யாரோ சிரித்தார்கள். யாரோ டீ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். மேடம் நாற்காலியை நகர்த்தினார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஆடியது. கிரேனில் தொங்குகிற சரக்கு ஆட்டம் கொடுக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அப்போது என் கை தானாக எழுந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் நீண்டன. உள்ளங்கை தரையைப் பார்த்தது. எல்லாம் நில்.

வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று இந்த சிக்னல் கொடுக்கலாமா? கூடாது. பதறினால் பதினைந்து வருடப் பழக்கம் கையைத் தூக்கிவிடுகிறது. ஆனால் எதிரில் இருந்தவர்களுக்கும் அதே பழக்கம்தான். ஷெட்டே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தவர் எட்டியபடியே நின்றார். சதீஷ் வாயை மூடினார். கன்னியப்பன் தண்ணீர் பாட்டிலை உதட்டில் வைத்தபடி அசையாமல் இருந்தான். மேடம் மட்டும் என்ன நடக்கிறது என்று புரியாமல் எங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். வெளியே தூரத்தில் ரயில் வேகன் மோதுவது மட்டும் கேட்டது.

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை. யாரும் என் சொல்லை முடிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் கையை இறக்கும்வரை அவர்கள் அசையப்போவதில்லை. எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி. என்னோடு நில்லும் என்று கெபியில் கேட்டேனே, அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கண் நிறைந்துவிட்டது. தொண்டையில் கதவு கொஞ்சம் திறந்தது.

கையை இறக்காமலே பேசினேன். திக்கித்தான் பேசினேன். அதை எழுத்தில் காட்டவில்லை, இடம் போதாது.

"பாய், உன் கண்ணு மேல தப்பு இல்ல. கன்னி குனிஞ்சத நான் பார்த்தேன். கத்தப் போனேன். வாய் வர்ல. ரெண்டு வருசமா இத நான் சொல்லல."

பிறகுதான் கையை இறக்கினேன். மேடத்தைப் பார்த்து, என் பேச்சு இவ்வளவுதான் என்று தலையை ஆட்டினேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். முதலில் பேசியவன் கன்னியப்பன். பாட்டிலை அப்போதுதான் வாயிலிருந்து எடுத்தான்.

"அடப்பாவி, இதுக்காடா ரெண்டு வருசமா என் மூஞ்சப் பாக்காம டீ குடிச்சிகினு இருந்த? நான் வேற இன்னாவோன்னு நெனச்சேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது.

பாய் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். ஒரு பக்கம் பாரம் இறங்கியது என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. பிறகு மேடத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார். வாக்கி டாக்கியில் சிக்னல் கொடுக்கிறவன் நில் என்று சொன்னால்தான் நிற்பது என்று இப்போது பழக்குகிறீர்கள். அதை மாற்றுங்கள் என்றார்.

"சரக்கு எறங்கற வரிக்கும் கீழ இருக்கறவன் பேசிகினே இருக்கட்டும். மெதுவா, மெதுவான்னு. அவன் குரலு வந்துகினு இருந்தா நான் எறக்கறேன். குரலு நின்னா நானும் நிறுத்திர்றேன். ஏன் நின்னுச்சின்னு கேக்க மாட்டேன்" என்றார்.

பேச்சு வராதது எனக்கு மட்டும் நேர்கிற விஷயம் இல்லையே என்றும் சொன்னார். பேட்டரி போகலாம். மயக்கம் வரலாம். பயத்தில் யாருக்கும் வாய் அடைக்கலாம்.

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வேறு சில இடங்களில் இப்படி ஒரு பழக்கம் உண்டு, இங்கேயும் வைக்கலாம் என்றார்கள். மேலிடத்தில் என்னை விசாரித்தார்கள். விபத்து பற்றி எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் சிக்னல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த வாரம் கேங்கில் பெருக்கினேன். மனது லேசாக இருந்தது. பெரிய வியாழன் அன்று கூப்பிட்டு வாக்கி டாக்கியைக் கையில் கொடுத்தார்கள். மேலே பாய், கீழே நான். மெதுவா என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒரு தாளத்தில் சொன்னால் எனக்கு அவ்வளவாகத் திக்குவதில்லை. இரண்டு இடத்தில் திக்கியது. இரண்டு இடத்திலும் கிரேன் நின்றது. குரல் வந்ததும் இறங்கியது. தேறிவிட்டேன்.

இப்போது எங்கள் யார்டுச் சுவரில் மஞ்சள் பெயின்டில் எழுதியிருக்கிறது: குரல் வராவிட்டால் கிரேன் நிற்கும். மழைக்காலத்தில் ஒரு நாள் சதீஷ் சரக்கு இறக்கும்போது கீழே இருந்தவருடைய வாக்கி டாக்கி நனைந்து செத்துவிட்டது. சதீஷ் அப்படியே நிறுத்தினார். தொங்கிய சரக்குக்கு அடியில் யார் நின்றிருந்தார்கள் தெரியுமா? யாரும் இல்லை. ஆனால் நின்றிருக்கலாம். அன்றைக்கு சதீஷ் என்னைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் வைத்தார். மாட்டுங்கள் என்று கையால் சொன்னேன்.

நான் கேட்டது என் ஒரு நாக்குக்கு. ஆண்டவர் கொடுத்தது அந்த யார்டில் இருக்கிற எல்லார் தலைக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் மாதா கெபியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறேன். வீட்டிலும் ஒன்று மாறியிருக்கிறது. ஜெனி இப்போது என் சொல்லை முடிப்பதில்லை. நான் திக்கினால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள், குழம்புக் கரண்டி கையில் இருந்தாலும். ஸ்டெல்லா திட்டுவாள், தரையெல்லாம் சொட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் ஆண்டவரிடம் கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள், கோபமாகக் கேட்டாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை, நான் பார்த்துவிட்டேன். மனதில் மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட கதவு திறக்காமல் பக்கத்துக் கதவு திறக்கலாம். அது உங்களுக்கு மட்டுமில்லாமல் இன்னும் நாலு பேர் போகிற அளவுக்கு அகலமாகவும் இருக்கலாம்.

நம் கோயில் திருவிழாவுக்குப் பேச்சுப் போட்டி வருகிறது. நன்றாகப் பேசுங்கள். பேசுகிற பிள்ளை யாராவது நடுவில் நின்றுவிட்டால், எடுத்துக்கொடுக்காதீர்கள், சிரிக்காதீர்கள். குரல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இதை எழுதிக் கொடுத்தால் போதும், மறைக்கல்வி வகுப்பில் யாராவது வாசிப்பார்கள் என்று ஃபாதர் சொன்னார். இல்லை, நானே வந்து வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பக்கம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். எனக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஓடிவிடாமல் இருங்கள். நான் வருகிறேன்.